அவ்வையார் பெயரில் ஒரு பள்ளி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரி நகரில் அவ்வையார் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. அதே ஊரில் ஆண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றுக்கு அதியமான் பெயர். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு புலவரும் அவரை ஆதரித்த மன்னனும் இன்றைக்குப் பள்ளிப் பெயர்ப்பலகைகளில் அக்கம்பக்கமாக நிற்கிறார்கள். இந்த மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் நான் தமிழாசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மாணவிகளும் பெற்றோரும், வெளியூரிலிருந்து வரும் உறவுக்காரர்களும் அவ்வையாரைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, நான் சொல்லிவந்த பதில்களோடு இங்கே எழுதுகிறேன்.

அவ்வையார் யார்? ஒருவரா, பலரா?

பலர். முதலில் இதைத் தெளிவாக்கிக்கொண்டால் மற்ற குழப்பம் எல்லாம் தானே விலகிவிடும்.

நம் தர்மபுரியோடு சம்பந்தப்பட்டவர் சங்க கால அவ்வையார். தகடூர் என்ற பழைய பெயரில் இந்த ஊரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் நண்பர் அவர். அவருடைய பாடல்கள் 59 கிடைத்திருக்கின்றன: புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4. சங்கப் பெண் புலவர்களில் இவ்வளவு பாடல்கள் வேறு யாருக்கும் இல்லை.

ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி ஆகியவற்றை எழுதியவர் இன்னொருவர். சோழர் காலத்தைச் சேர்ந்தவர், ஏறத்தாழ 12-ஆம் நூற்றாண்டு என்று சொல்வது வழக்கம். இருவருக்கும் நடுவே சுமார் ஆயிரம் ஆண்டுகள். இவர்களைத் தவிர, விநாயகர் அகவலும் ஞானக்குறளும் அவ்வை பெயரில் உள்ளன. தனிப்பாடல்கள் என்று வழங்குபவையும் நிறைய. அவற்றுக்குப் பின்னால் எத்தனை பேர் என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு.

அப்படியென்றால் பள்ளிக்கு எந்த அவ்வையின் பெயர்?

ஊரைப் பார்த்தால் முதல் அவ்வை. முதல் வகுப்புக் குழந்தை வாயில் வரும் "அறம் செய விரும்பு" என்பதைக் கேட்டால் இரண்டாவது அவ்வை. என்னைக் கேட்டால், அந்தப் பெயர்ப்பலகை இருவருக்கும் சேர்த்துத்தான். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

அவ்வை என்று எழுதுவதா, ஔவை என்று எழுதுவதா?

இரண்டும் சரி. தேர்வில் எதை எழுதினாலும் மதிப்பெண் குறையாது, குறையவும் கூடாது. அம்மா, மூத்த பெண், பாட்டி என்பதெல்லாம் அந்தச் சொல்லின் பொருள். நம் பக்கத்தில் இதை விளக்குவது மிகச் சுலபம். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகளில் பாட்டியை இன்றைக்கும் "அவ்வா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். "எங்க வீட்லயும் ஒரு அவ்வை இருக்காங்க டீச்சர்" என்று ஒரு பிள்ளை சொன்ன நாள் எனக்கு மறக்கவில்லை. ஒரு புலவரின் பெயர் அந்தக் குழந்தைக்கு வீட்டுச் சொல்லாகவே ஆகிவிட்டது.

அதியமான் என்று ஒருவர் உண்மையிலேயே இருந்தாரா? கல்வெட்டு ஆதாரம் உண்டா?

உண்டு. திருக்கோவிலூர் அருகே ஜம்பை என்ற ஊரில் 1981-இல் ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டு கண்டுபிடிக்கப்பட்டது. "ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி" என்பது அதன் வாசகம். சத்தியபுத்திரன் அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த கல் இருப்பிடம் என்று பொருள். சேர சோழ பாண்டியரோடு சேர்த்து "சத்தியபுத்திரர்" என்று அசோகர் தம் கல்வெட்டில் குறிப்பிட்டது யாரை என்று அறிஞர்கள் வெகுகாலம் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கேள்விக்கு ஜம்பைப் பாறை விடை சொன்னது. புறநானூற்றில் அவ்வை பாடிய அதே பெயர், அப்படியே கல்லில் இருக்கிறது. பாட்டு வெறும் கற்பனை இல்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு இதைவிட நல்ல சான்று கிடைத்ததில்லை.

அவர் நரைத்த தலையோடு கோல் ஊன்றிய கிழவிதானே?

நம் மனசில் இருக்கும் உருவம் அதுதான். 1953-இல் ஜெமினி நிறுவனம் எடுத்த படத்தில் கே. பி. சுந்தராம்பாள் அம்மையார் வந்து நின்ற பிறகு அந்த உருவம் அழியாமல் பதிந்துபோனது. அவர் குரலும் அப்படிப்பட்டது.

ஆனால் புறநானூற்றின் 89-ஆம் பாட்டைப் படித்துப் பாருங்கள். பகை மன்னன் ஒருவன் அவ்வையைப் பார்த்து, "மடவரல் உண்கண் வாள்நுதல் விறலி" என்று கூப்பிடுகிறான். மை தீட்டிய கண், ஒளி பொருந்திய நெற்றி உடைய விறலியே, உங்கள் நாட்டில் சண்டைக்கு வருகிற வீரர்கள் உண்டா என்று கேட்கிறான். விறலி என்றால் பாணர் மரபில் ஆடியும் பாடியும் வாழ்ந்த பெண். அப்படியானால் தகடூருக்கு வந்தபோது அவர் இளம்பெண்ணாக இருந்திருக்கலாம். பாட்டுப் பாடிப் பிழைத்த குடியிலிருந்து வந்தவர், ஊர் ஊராக நடந்தவர், மன்னன் முகத்துக்கு நேரே பேசியவர். பதினாறு வயதுப் பெண் பிள்ளைகள் முன்னால் நான் எப்போதும் இந்த அவ்வையைத்தான் முதலில் நிறுத்துவேன். கோல் ஊன்றிய பாட்டி அப்புறம் வரட்டும்.

அவருடைய பெற்றோர் யார்? திருமணம் ஆனதா? எங்கே படித்தார்?

ஆதி, பகவன் என்பவர்களின் மகள், திருவள்ளுவரின் சகோதரி என்பதெல்லாம் பிற்காலக் கதை. வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. அவர் வாழ்க்கையைச் சொல்லும் ஒரே ஏடு அவருடைய பாட்டுதான்.

நெல்லிக்கனி கதை உண்மையா?

பாட்டில் இருக்கிறது. புறநானூறு 91. பெரிய மலையின் பிளவில், ஏற முடியாத உச்சியில் இருந்து எடுத்த "சிறியிலை நெல்லித் தீங்கனி". அதைத் தின்றால் நெடுநாள் வாழலாம் என்பதை வெளியே சொல்லாமல் மனசுக்குள் அடக்கிக்கொண்டு அவ்வைக்குக் கொடுத்துவிட்டான் அதியமான். "சாதல் நீங்க எமக்கீந் தனையே" என்று அவ்வை பாடுகிறார். இதே செய்தி சிறுபாணாற்றுப்படையிலும் வருகிறது.

கனி உண்மையிலேயே ஆயுளைக் கூட்டுமா என்று கேட்கும் பிள்ளைகளுக்கு, பாட்டில் கவனிக்க வேண்டியது வேறு என்று சொல்வேன். அவன் சொல்லாமல் கொடுத்தான். சொல்லியிருந்தால் அவ்வை வாங்கியிருக்க மாட்டார். மன்னன் செத்தால் அடுத்தவன் வருவான், பாடுகிறவள் போனால் பாட்டே போய்விடும் என்று அந்த மலை நாட்டுத் தலைவனுக்குத் தெரிந்திருக்கிறது. படித்த பெண் ஒருத்தியின் உயிர் தன் உயிரைவிடப் பெரியது என்று நம் ஊரில் ஒரு மன்னன் நினைத்தான். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். பெண் குழந்தையே வேண்டாம் என்று நினைத்த வீடுகள் இருந்த மாவட்டம் இது என்பதால்தான்.

தூது போன கதை என்ன?

தொண்டைமான் என்ற மன்னன் தன்னிடம் ஆயுதம் நிறைய இருக்கிறது என்ற பெருமிதத்தில் இருந்தான். அதியமான் சார்பாக அவ்வை தூது போனார். தொண்டைமான் தன் ஆயுதக் கிடங்கைத் திறந்து காட்டினான். அவ்வை பாராட்டினார். உங்கள் வேல்கள் மயில்தோகை சாத்தி, மாலை சூட்டி, காம்பு திருத்தி, நெய் பூசி, காவல் மிக்க அரண்மனையில் பத்திரமாக இருக்கின்றன. எங்கள் தலைவனுடைய வேல்களோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து "கொல்துறைக் குற்றில", அதாவது கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. புறநானூறு 95.

யாரையும் திட்டவில்லை. பார்த்ததை மட்டும் சொன்னார். பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்கிற பிள்ளைகள் இந்தப் பாட்டை ஒருமுறையாவது வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

அதியமான் இறந்தபோது அவ்வை என்ன செய்தார்?

அவன் மார்பில் வேல் பாய்ந்து இறந்தான். அப்போது அவ்வை பாடிய 235-ஆம் பாட்டு தமிழிலுள்ள இரங்கற்பாக்களில் முதல் வரிசையில் நிற்பது. "சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே" என்று ஆரம்பிக்கிறது. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் மகிழ்ந்து குடிப்பான். கறியில் எலும்பும் சதையும் சேர்ந்த துண்டை எங்களுக்குத் தள்ளிவிடுவான், அம்பும் வேலும் வருகிற பக்கம் தான் போய் நிற்பான். நரந்தம் மணக்கும் தன் கையால், புலால் நாறும் என் தலையைத் தடவிக் கொடுப்பான்.

இப்படி அவன் செய்ததைச் சொல்லும் ஒவ்வொரு வாக்கியமும் "மன்னே" என்று முடிகிறது. அதெல்லாம் போயிற்றே என்ற அர்த்தம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. உரைநூல் எதுவும் தராமல், "மன்னே" வரும்போதெல்லாம் ஒரு நொடி நிறுத்து என்று மட்டும் சொல்லிப் பிள்ளைகளைப் படிக்க வைப்பேன். நாலாவது "மன்னே"வில் வகுப்பு அமைதியாகிவிடும். அவனைத் துளைத்த வேல் பாணர்களின் பாத்திரத்தையும் துளைத்தது, புலவர்களின் நாவையும் துளைத்தது என்று பாட்டு போகும். "இனிப் பாடுநரும் இல்லை, பாடுநர்க்கு ஒன்று ஈகுநரும் இல்லை" என்ற இடத்துக்கு வரும்போது, போன வருஷம் அப்பாவையோ தாத்தாவையோ இழந்த பிள்ளை ஒருத்தி தலை குனிந்திருப்பாள். அவளை நான் கேள்வி கேட்க மாட்டேன்.

இதற்கு முந்தைய 232-ஆம் பாட்டில் அவனுக்கு நட்ட கல் வருகிறது. மயில்தோகை சூட்டி, சின்னக் கலத்தில் கள் ஊற்றிப் படைக்கிறார்கள். மலைநாட்டையே தூக்கிக் கொடுத்தாலும் வாங்க மாட்டானே, இந்தச் சின்னக் கலத்துக் கள்ளை வாங்கிக்கொள்வானா என்று அவ்வை கேட்கிறார். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நடுகற்கள் ஏராளம். அவையெல்லாம் பிற்காலத்தவை என்றாலும், அந்தப் பாட்டைப் படித்த பிறகு எந்த நடுகல்லைப் பார்த்தாலும் பிள்ளைகள் நின்று பார்க்கிறார்கள். தர்மபுரி அருங்காட்சியகத்துக்கு மாணவிகளை அழைத்துப் போகும்போதெல்லாம் இதைக் கண்டிருக்கிறேன்.

சங்க அவ்வையைக் கல்வியாளர் என்று எப்படிச் சொல்ல முடியும்? அவர் பள்ளிக்கூடம் நடத்தவில்லையே?

நடத்தவில்லைதான். ஆனால் யாருக்கு எதை எப்படிப் புரிய வைப்பது என்று அவருக்குத் தெரியும். அதுதானே ஆசிரியர் வேலை.

அதியமானைக் குறைத்து மதிப்பிடாதீர்கள் என்று பகைவரை எச்சரிக்க வேண்டும். 104-ஆம் பாட்டில் அவர் சொல்லும் உவமையைப் பாருங்கள். ஊர்ச் சிறுவர்கள் விளையாடினாலே கலங்கிப்போகும் அளவுக்கு, முழங்கால்கூட நனையாத தண்ணீர். ஆனாலும் அதில் கிடக்கும் முதலை யானையையே இழுத்துப் போட்டுக் கொல்லும். ஒகேனக்கல் பக்கம் ஒரு பள்ளியில் இதை நடத்தியபோது நான் விளக்கமே சொல்லவில்லை. ஆற்றங்கரைப் பிள்ளைகள்! முதலைப் பண்ணையைத் தினமும் தாண்டி வருகிறவர்கள். "ஆழம் இல்லன்னு எறங்கக் கூடாது டீச்சர்" என்று ஒருத்தன் சொல்லிவிட்டான்.

94-ஆம் பாட்டில் இதே மாதிரி யானை வருகிறது. ஊர்ப் பிள்ளைகள் தந்தத்தைத் தேய்த்துக் கழுவ, ஆற்றுத் துறையில் சாதுவாகப் படுத்திருக்கும் பெரிய களிறு. எங்களுக்கு நீ அப்படி இனியவன், பகைவருக்கோ மதம் பிடித்த யானை. இரண்டு பாட்டிலும் "ஊர்க்குறுமாக்கள்" என்ற சொல் வருவதைக் கவனியுங்கள். ஊரில் விளையாடுகிற சின்னப் பிள்ளைகள். மன்னனைப் பற்றிப் பாடும்போதும் அவர் கண் பிள்ளைகள் மேல் இருந்திருக்கிறது. எனக்கு அவரை ஆசிரியர் என்று சொல்ல இந்த ஒரு சொல்லே போதும்.

ஆத்திசூடி வெறும் மனப்பாட வரிகள்தானே? அதில் கல்வி நுட்பம் என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆத்திசூடி நீதி நூல் என்று மட்டும் நினைக்கிறோம். அது எழுத்துப் பயிற்சி நூலும்கூட.

முதல் 12 வரிகளும் உயிரெழுத்து வரிசை: அறம் செய விரும்பு, ஆறுவது சினம், இயல்வது கரவேல், ஈவது விலக்கேல் என்று ஔ வரை. அப்புறம் ஆய்த எழுத்துக்கு "அஃகஞ் சுருக்கேல்". இதுவரை எல்லாருக்கும் தெரியும். அடுத்த 18 வரிகளில்தான் ஆசிரியையின் கை தெரிகிறது.

மெய்யெழுத்து வரிசைக்கு வருகிறார். க-வுக்கு "கண்டொன்று சொல்லேல்". ங-வுக்கு என்ன செய்வது? தமிழில் ங-வில் ஆரம்பிக்கும் சொல்லே புழக்கத்தில் இல்லை. அவர் எழுத்தையே உவமை ஆக்கிவிட்டார்: "ஙப் போல் வளை". ங தான் மட்டும் பயன்பட்டாலும், வேலைக்கு உதவாத ஙா, ஙி, ஙீ என்ற தன் இனத்தையெல்லாம் அணைத்துக் காக்கிறது, அதுபோல நீயும் சுற்றத்தை அணைத்துக்கொள் என்று உரை சொல்வார்கள். கரும்பலகையில் ங-வைப் பெரிதாக எழுதிப் பாருங்கள். வளைந்து மடியில் எதையோ ஏந்திக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். எழுத்தின் வடிவம், ஒலி, பொருள் மூன்றையும் மூன்று சொல்லில் பிள்ளையின் தலைக்குள் ஏற்றிவிட்டார்.

அடுத்து ட, ண, ர, ல, ழ, ள, ற, ன. இவை எதுவும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது. அதனால் அவர் இரண்டாவது எழுத்தாக வைக்கிறார். ட-வுக்கு "இடம்பட வீடு எடேல்". ண-வுக்கு "இணக்கம் அறிந்து இணங்கு". ர-வுக்கு "அரவம் ஆட்டேல்". ல-வுக்கு "இலவம் பஞ்சில் துயில்". ழ-வுக்கு "அழகு அலாதன செயேல்". ள-வுக்கு "இளமையில் கல்". இலக்கண விதியை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஆனால் இதைப் பாடிய பிள்ளைக்கு, ட-வில் தமிழ்ச் சொல் ஆரம்பிக்காது என்பது காதிலேயே பதிந்துவிடும். "இளமையில் கல்" என்பதை நாம் பள்ளிச் சுவரெல்லாம் எழுதி வைத்திருக்கிறோம், அது ள-வுக்கான பாடம் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

பிறகு ககர வரிசை, சகர வரிசை என்று உயிர்மெய்க்குப் போகிறது. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலில் விரலால் எழுதிப் பழகிய பிள்ளைக்குப் புத்தகம் கிடையாது. வாய்தான் புத்தகம். கையளவு வரியாக இருந்தால்தான் வாயில் நிற்கும். பள்ளிக்கூடமே போகாதவர்கள் வாயிலும் நின்றது. என் அம்மா ராகி எந்திரக்கல்லைச் சுற்றிக்கொண்டே ஆத்திசூடி சொல்வார். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஒரு சுற்றுக்கு ஒரு வரி. மாவு விழுகிற சத்தத்துக்கு நடுவே "ஊக்கமது கைவிடேல்" வரும்போது கல் கொஞ்சம் வேகமாகச் சுற்றும். நான் எழுத்துப் படித்தது அங்கேதான்.

கொன்றைவேந்தன் ஒரு படி மேலே: "அன்னையும் பிதாவும் முன்னறி தெய்வம்" என்று நாலு சீர் வரி. மூதுரையும் நல்வழியும் முழு வெண்பா. ஒரு வரி, நீள வரி, நாலடி என்று ஏறிக்கொண்டே போகிற பாடத்திட்டம் இது. இன்றைக்கு எந்தப் பாடநூல் குழுவும் இதைவிடத் திட்டமாக அடுக்க முடியாது என்பது என் எண்ணம்.

"தையல் சொல் கேளேல்" என்றும் அவர்தானே எழுதினார்? பெண்கள் பள்ளிக்கு அவர் பெயர் பொருந்துமா?

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்ட கேள்வி இது. பெண் பேச்சைக் கேட்காதே என்கிறதே, எழுதியதும் பெண்தானே என்றாள். அன்றைக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

அதில் வேறு பொருள் இருக்கிறது என்று சுற்றி வளைத்து உரை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கொன்றைவேந்தனில் "பேதைமை என்பது மாதர்க்கு அணிகலம்" என்றும் வருகிறது. இரண்டும் அந்தக் காலத்துச் சமூகத்தின் குரல். தவறு. பெரியவர் சொன்னார் என்பதற்காகத் தவறு சரி ஆகிவிடாது.

மறுநாள் வகுப்பில் பாரதியாரின் புதிய ஆத்திசூடியை எடுத்துப் போனேன். "அச்சம் தவிர்" என்று தொடங்குவது. அதில் தை-க்கு என்ன வரி என்று தேடச் சொன்னேன். அந்தப் பிள்ளையே கண்டுபிடித்தாள்: "தையலை உயர்வு செய்". அவ்வை எழுதிய அதே எழுத்தில், அதே இடத்தில், அதே அளவு வரியில் பாரதியார் மாற்றி எழுதிவிட்டார். பழைய வரியைக் கிழிக்கவில்லை, அதன் எதிரே தன் வரியை வைத்தார். பாரதிதாசனும் தம் பங்குக்கு ஓர் ஆத்திசூடி எழுதினார். அவ்வை ஏற்படுத்திய வடிவம் அப்படிப்பட்டது. அவரையே திருத்தவும் அந்த வடிவம் இடம் கொடுக்கிறது.

அந்த மாணவியிடம் தை-க்கு அவளும் ஒரு வரி எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். "தைரியம் இழவேல்" என்று எழுதி வந்தாள்.

சாதி பற்றி அவர் என்ன சொன்னார்?

நல்வழியில் நேராகச் சொன்னார்: "சாதி இரண்டொழிய வேறில்லை". இட்டார் பெரியோர், இடாதார் இழிகுலத்தார். கொடுப்பவர் உயர்ந்தவர், கொடுக்காதவர் தாழ்ந்தவர், அவ்வளவுதான் உலகத்தில் உள்ள சாதி. இந்த வெண்பாவை நான் ஒருபோதும் வேகமாக நடத்திக் கடந்ததில்லை. நம் பக்கத்துப் பள்ளிகளில் பெஞ்சு மாறி உட்காருகிற பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும்.

நாவல் மரத்தில் முருகன் "சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா" என்று கேட்ட கதை?

அழகான மக்கள் கதை. கற்றவருக்கும் கற்றுக்கொள்ள இன்னும் உண்டு என்பதைச் சின்னப் பையன் வாயால் சொல்ல வைத்தார்கள். குழந்தைகளுக்குத் தாராளமாகச் சொல்லலாம், வரலாறு என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

வேறு வேறு காலத்தவர்கள் என்றால், மக்கள் ஏன் எல்லாரையும் ஒருவராக நினைத்தார்கள்?

பெயர் ஒன்று என்பதால் மட்டும் அல்ல என்று நான் நினைக்கிறேன். இரண்டு பாட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒரு சமயம் அதியமான் பரிசில் கொடுக்கத் தாமதம் செய்தான். அவ்வைக்குக் கோபம். மன்னனிடம் போகவில்லை, வாயில்காப்போனிடம் சொல்கிறார். "வாயிலோயே! வாயிலோயே!" என்று ஆரம்பிக்கிறது 206-ஆம் பாட்டு. உன் தலைவன் நெடுமான் அஞ்சி தன்னை அறியவில்லையா, என்னை அறியவில்லையா? அறிவும் புகழும் உடையவர்கள் எல்லாரும் செத்து உலகம் வெறுமையாகிவிடவில்லை. யாழை எடுத்துக்கொண்டோம், மூட்டையைக் கட்டிவிட்டோம். மரம் வெட்டும் தச்சனின் கைத்தேர்ச்சி உள்ள பிள்ளைகள் கோடாலியோடு காட்டுக்குள் போனால் எப்படியோ, அப்படித்தான் எங்களுக்கு இந்த உலகம். "எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே."

ஆயிரம் ஆண்டு கழித்து மூதுரை எழுதிய அவ்வை சொல்கிறார்: மன்னனையும் நன்றாகக் கற்றவனையும் நிறுத்துப் பார்த்தால் கற்றவனே உயர்ந்தவன். மன்னனுக்குத் தன் நாட்டைத் தாண்டினால் சிறப்பில்லை, "கற்றோற்குச் சென்றவிடமெல்லாம் சிறப்பு".

அதே பேச்சு. முதலாமவர் மூட்டை கட்டிக்கொண்டு கோபத்தில் சொன்னார். இரண்டாமவர் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொன்னார். தச்சன் மகன் கையில் உள்ள கோடாலியும் கல்விதான் என்று முன்னவர் கண்டார். பின்னவர் ஆத்திசூடியில் "கைவினை கரவேல்" என்று எழுதினார், கற்ற கைத்தொழிலை ஒளிக்காதே என்று. மக்கள் இவர்களை ஒரே ஆளாக நினைத்ததில் காலக்கணக்கு தவறு. ஆள் கணக்கு அவ்வளவு தவறில்லை.

தர்மபுரியில் இந்தப் பெயருக்குத் தனி முக்கியத்துவம் உண்டா?

உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம். தர்மபுரி மாவட்டத்தில் 68.5, மாநிலத்திலேயே கடைசி. பெண்களை மட்டும் எடுத்தால் 60 சதவீதம் அளவுதான். பத்தாம் வகுப்பு முடிந்ததும் கல்யாணப் பேச்சு ஆரம்பிக்கிற வீடுகள் இன்றும் உண்டு. பெங்களூருக்கு வேலைக்குப் போகும் அம்மா அப்பாவோடு பாதி வருஷத்தில் காணாமல் போகும் பிள்ளைகளும் உண்டு. வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயர்களுக்கு நேராகச் சிவப்பு மையில் போட்ட கோடுகளை என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

அதனால் "எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே" என்பது இங்கே இலக்கியச் சுவைக்கான வரி இல்லை. படிப்பை நிறுத்த நினைக்கிற ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் அப்பாவிடம் நான் சொல்லியிருக்கிறேன். சில வீடுகளில் பலித்தது.

வெளியூரிலிருந்து வந்தால் எங்கே போய்ப் பார்க்கலாம்?

தர்மபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் அதியமான்கோட்டை. பேருந்தில் சீக்கிரம் போய்விடலாம். அப்புறம் நான் சொன்ன அருங்காட்சியக நடுகற்கள். நேரம் இருந்தால் பாலக்கோடு பக்கம் கரும்பு வயல்களையும் பாருங்கள். கரும்பை இங்கே முதலில் கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர்கள் என்று அவ்வை 99-ஆம் பாட்டில் பாடியிருக்கிறார்: "அரும்பெறல் மரபின் கரும்பு இவண் தந்தும்". பாலக்கோட்டில் இன்று கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது.

சின்னக் குழந்தைக்கு அவ்வையை எப்படி அறிமுகம் செய்வது?

ஆத்திசூடி முதல் 13 வரி. ஒரு நாளைக்கு ஒன்று போதும், பொருள் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். குழந்தை தப்பாகச் சொன்னால் திருத்த அவசரப்பட வேண்டாம். அதற்கும் அவ்வையே துணை. 92-ஆம் பாட்டில் அவர் சொல்கிறார்: குழந்தையின் மழலை யாழிசையோடு சேராது, காலத்தோடும் பொருந்தாது, பொருளும் விளங்காது, ஆனாலும் தகப்பனுக்கு அன்பு சுரக்கும்.

பள்ளிப் பேச்சுப் போட்டியில் அவ்வையார் பற்றி மூன்று நிமிடம் பேச வேண்டும். எதை எடுத்துக்கொள்ளலாம்?

பிறப்பு, வளர்ப்பு, நூல்கள் என்று வரிசையாக அடுக்காதே அம்மா. எல்லாரும் அதைத்தான் செய்வார்கள். 206-ஆம் பாட்டை எடுத்துக்கொள். மேடையில் வணக்கம் சொல்லி முடித்ததும், நடுவர்களைப் பார்க்காமல் வாசல் பக்கம் திரும்பி, "வாயிலோயே! வாயிலோயே!" என்று கூப்பிடு. முதல் முறை சாதாரணமாக, இரண்டாவது முறை கொஞ்சம் குரல் உயர்த்தி. சபை திரும்பி வாசலைப் பார்க்கும். அதற்கப்புறம் யார், யாரிடம், ஏன் அப்படிக் கூப்பிட்டார் என்று உன் சொந்த வார்த்தையில் சொல். "காவினெம் கலனே", அதாவது யாழை எடுத்துக்கொண்டோம் என்ற இடத்தில் தோளில் எதையோ தூக்கிப் போடுகிற மாதிரி கையை வைத்துக்கொள், மற்ற இடத்தில் கை சும்மா இருக்கட்டும். கடைசி வரியைக் கத்தாதே. அவ்வை அதைக் கிளம்பும்போது சொன்னார், நடந்துகொண்டே.